வயிறு நிறைந்தும் இளைத்த ஆடுகள்: கடலூர்ப் பக்கம் மேய்ச்சல் புல்லைச் சோதிக்க ஒரு வழிகாட்டி

குறிஞ்சிப்பாடிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் 18 வெள்ளாடுகளோடு தொடங்கினேன். தை மாதம் வாங்கினேன். பங்குனி முடிவதற்குள் பாதி ஆடுகளுக்கு முதுகெலும்பு கையில் குத்தியது. மேய்ச்சலுக்குக் குறைவில்லை, சாயங்காலம் பட்டிக்குத் திரும்பும்போது ஒவ்வொன்றின் வயிறும் பானை மாதிரி இருக்கும். அதனால் குடற்புழு என்று முடிவு கட்டி ஒரே மாதத்தில் மூன்று முறை மருந்து ஊற்றினேன். மூன்று ஆடுகள் குட்டி போட்டன, மடியில் பால் இல்லை, இரண்டு குட்டிகள் போய்விட்டன.

பக்கத்து வயலில் செம்மறி மேய்க்கும் பெரியவர் ஒரு நாள் என் ஆட்டின் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “காஞ்ச புல்லுல என்னா இருக்குது தம்பி, வெறும் சக்கை. சக்கையைத் தின்னா வயிறு ரொம்பும், ஒடம்பு ரொம்புமா?” என்றார். அப்புறம்தான் புல்லைச் சோதனைக்கு அனுப்பினேன். பங்குனியில் எடுத்த புல்லில் புரதம் 3.6 சதவீதம். அதே மேட்டில், அதே கொழுக்கட்டைப்புல்லை அடுத்த கார்த்திகையில் எடுத்து அனுப்பினேன்: 10.8.

இந்த வித்தியாசம் முன்பே தெரிந்திருந்தால் அந்த இரண்டு குட்டிகளும் பிழைத்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மாதிரி எடுப்பது, ஆய்வகத்துக்கு அனுப்புவது, அறிக்கையைப் படிப்பது, எல்லாவற்றிலும் ஒருமுறையாவது தப்பு செய்திருக்கிறேன். நீங்கள் செய்ய வேண்டாம்.

1. ஆடு எங்கே மேய்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்

முதல் வேலை புல் இல்லை, நிலம். உங்கள் ஆடுகள் ஒரு வாரம் போகிற இடங்களைக் கூடவே நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடலூர் மாவட்டத்தில் பத்து கிலோமீட்டருக்குள் மண் மாறும். பண்ருட்டிப் பக்கம் செம்மண், முந்திரித் தோப்பு. விருத்தாசலம், திட்டக்குடிப் பக்கம் கரிசலும் உண்டு. பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் உப்பங்கழி ஓரத்தில் உமரி. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல் வயலும் வாய்க்கால் வரப்பும். இவை ஒவ்வொன்றும் தனி மேய்ச்சல். எல்லாவற்றிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்து ஒரே பையில் போட்டால் வருகிற எண் எந்த இடத்துக்கும் பொருந்தாது.

இடம் யாருடையது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். “மேய்ச்சல் தரை” என்று ஊரில் சொல்வதெல்லாம் பதிவில் அப்படி இருக்காது. தமிழ்நாட்டில் வருவாய்த் துறையின் மின்சேவைத் தளத்தில் புல எண்ணைப் போட்டு அ-பதிவேட்டைப் பாருங்கள். மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி, ஏரி, தரிசு என்று வகை தெரியும். புதுச்சேரி என்றால் நிலமகள் தளம். அச்செடுத்த தாளோடு கிராம நிர்வாக அலுவலரை ஒருமுறை பார்த்துப் பேசிவிட்டால் பின்னால் தகராறு வராது.

முந்திரித் தோப்புக்குள் மேய்க்கிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. தை, மாசியில் முந்திரி பூக்கும்போது தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கு மருந்து அடிப்பார்கள். அடியில் உள்ள புல்லிலும் அது விழும். தோப்புக்காரரின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, அடிக்கும் நாளையும் எத்தனை நாள் ஆட்டை விடக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து டப்பாவில் எழுதியிருக்கும் நாள் கணக்கைவிட இரண்டு நாள் கூடவே தள்ளிவிடுவேன் நான்.

2. புல்லின் வருடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

புல் வயதாக ஆக இலை குறைந்து தண்டு கூடும். இலையில்தான் புரதம். தண்டில் நார், அதோடு மரத்தன்மை. நம் வெயிலுக்கு வளரும் புற்கள் மழை விழுந்த வேகத்தில் எழுந்து, சீக்கிரமே பூத்து, விதை கட்டிவிடும். விதை கட்டியதும் தண்டும் தாளும் சக்கையாகிப்போகும். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கூடவே இறங்கும். பச்சை நிறம் போய் வெளுத்தால் வைட்டமின் ஏ-க்கு மூலமான கரோட்டினும் போய்விட்டது என்று பொருள். சுண்ணாம்புச் சத்து மட்டும் அவ்வளவாக இறங்காது.

ஐப்பசி, கார்த்திகை: வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதிலிருந்து மூன்று, நான்கு வாரத்தில் புல் தன் உச்சத்தில் இருக்கும். புரதம் 8 முதல் 12 சதவீதம்வரை போகலாம். ஆனால் இளம்புல்லில் நூற்றுக்கு 80 பங்கு தண்ணீர். ஆடு ஐந்து கிலோ தின்றாலும் உள்ளே போவது ஒரு கிலோ உலர் தீனிதான். கழிச்சலும் போகும். எண்ணில் உச்சம் என்பதால் இந்தப் பருவத்தில் வேறெதுவும் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள், மாலையில் ஒரு கை காய்ந்த கடலைக்கொடி போடுங்கள். கழிச்சல் கட்டுப்படும்.

மார்கழி, தை: புல் பூத்து முடிந்திருக்கும். பார்க்கப் பசுமையாகவே இருக்கும்; நான் ஏமாந்தது இங்கேதான். கிட்டே போய் ஒரு தாளைப் பிடுங்கிப் பல்லில் கடித்துப் பாருங்கள். கார்த்திகையில் பட்டென்று அறும். தையில் நாரிழுத்துப் பல்லிடுக்கில் மாட்டும். ஆய்வகம் தரும் நார் எண்ணை உங்கள் பல்லே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

மாசி: சம்பா அறுவடை முடிந்த வயல் திறக்கும். தாளடியில் வைக்கோலைவிட வரப்பு அருகம்புல்லும், சிந்திய நெல்லும், முளைத்த களையும்தான் ஆட்டுக்கு லாபம். உளுந்து, பயறு விதைத்த வயலாக இருந்தால் உள்ளே கால் வைக்கக் கூடாது. செடி பிடுங்கிய பிறகு கேட்டுப் பாருங்கள், பலரும் விட்டுவிடுவார்கள். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டு நடக்கும்போது கொழுந்தாடை சும்மா கிடைக்கும். வயிற்றை நிரப்ப அது ஆகும், புரதத்துக்கு நம்ப முடியாது.

பங்குனி முதல் வைகாசி: நின்றபடியே காய்ந்த புல். புரதம் 3, 4 சதவீதம். வைக்கோலும் அவ்வளவுதான். 7 சதவீதத்துக்குக் கீழே போனாலே இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனி பற்றாது. அவை நாரை உடைப்பது மெதுவாகும். தின்றது உள்ளேயே தங்கும். பானை வயிற்றின் ரகசியம் இதுதான். ஆடு நிறையத் தின்றதால் வயிறு பெரிதாக இல்லை, தின்றது நகராததால் பெரிதாக இருந்தது.

கோடையில் ஒரு சின்ன மழை பெய்து காய்ந்த புல்லை நனைத்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். மிச்சமிருந்த கரையும் சத்தும் கழுவிப் போய், மேலே பூஞ்சையும் பிடிக்கும். புதிதாகத் துளிர்க்கும்வரை அது முன்பைவிட மோசமான தீனி.

ஆடி, ஆவணி: சாயங்கால இடிமழை. மேட்டு நிலத்தில் அருகும் மத்தங்காய்ப்புல்லும் குட்டையாகத் துளிர்க்கும். தரம் நன்றாக இருக்கும், அளவு குறைவு. ஆடு நாளெல்லாம் நடந்து நடந்து அதைப் பொறுக்கும்.

3. மாதிரி எடுக்க நாள் குறியுங்கள்

வருடத்துக்கு நான்கு மாதிரி போதும். முதல் வருடம் அதற்கு மேல் செலவழிக்க வேண்டாம்.

கார்த்திகை நடுவில் ஒன்று. தை மூன்றாம் வாரத்தில் ஒன்று. பங்குனிக் கடைசியில் ஒன்று. ஆவணியில், மழை பெய்து இரண்டு வாரம் கழித்து ஒன்று. பணத்துக்கு இழுபறி என்றால் கார்த்திகையையும் பங்குனியையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உச்சமும் பள்ளமும் தெரிந்துவிடும்.

மழை பெய்த மறுநாள் எடுக்காதீர்கள். வெள்ளம் வடிந்த உடனேயும் எடுக்காதீர்கள். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு பெண்ணையாற்றங்கரை நெடுகப் புல்மேல் வண்டல் படிந்து கிடந்தது. தெரிந்தவர் ஒருவர் அதை அப்படியே அறுத்து அனுப்பினார். சாம்பல் எண் (புல்லை எரித்தபின் மிஞ்சும் தாதுவும் மண்ணும்) எகிறி, புரதம் அடிமட்டத்தில் வந்தது. சோதித்தது புல்லைவிட மண்ணைத்தான் அதிகம். நல்ல மழை ஒன்று கழுவிவிட்டுப் புதுத் துளிர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

4. ஆடு தின்பதைப் பறியுங்கள், உங்களுக்குக் கிடைப்பதை அல்ல

அரிவாளால் அடியோடு அறுத்துக் கொண்டுபோவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. ஆடு அப்படித் தின்னாது. நுனியையும் இலையையும் கொய்யும், முற்றிய தண்டை விட்டுவிடும், ஊசிப்புல் விதை கட்டியிருந்தால் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும்.

காலை பனி காய்ந்த பிறகு, ஒன்பது மணி வாக்கில், ஒரு நல்ல ஆட்டின் பின்னால் பத்தடி தள்ளி நடங்கள். அது எந்தச் செடியில், எந்த உயரத்தில் கடிக்கிறதோ அதே செடியில் அதே உயரத்தில் கையால் கிள்ளுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். ஓர் இடத்தில் ஒரு பிடி. குறைந்தது 12 இடங்கள். முதல் நாள் நான் இதைச் செய்தபோது தெரிந்த அண்ணன் ஒருவர் வண்டியை நிறுத்தி, “ஏம்பா, நீயும் மேய ஆரம்பிச்சிட்டியா?” என்று கேட்டார். கேட்கட்டும்.

வெள்ளாடு புல்லை மட்டும் மேயாது, தழையும் கடிக்கும். பங்குனியில் பாதி நேரம் அது வேலியிலும் புதரிலும்தான் நிற்கும். புல் ஒரு பையிலும் தழை இன்னொரு பையிலும் போடுங்கள். கலந்துவிட்டால் தழையின் புரதம் புல்லின் வறுமையை மறைத்துவிடும்.

பறித்ததை ஒரு சாக்கில் கொட்டி, நன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரியுங்கள். எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்றதை ஆட்டுக்குப் போடுங்கள். திரும்பவும் கலந்து பிரியுங்கள். கடைசியில் பச்சையாக ஒரு கிலோ மிஞ்சினால் சரி. மண்ணோடு வந்த வேரைக் கிள்ளி எறியுங்கள், தண்ணீரில் அலசாதீர்கள்.

5. எடை போட்டு, காயவைத்து, சீட்டு எழுதுங்கள்

பறித்த உடனே எடை போட வேண்டும். சமையலறையில் வைக்கும் சின்ன மின்னணுத் தராசு போதும், எனக்கு 350 ரூபாய் ஆனது. பச்சை எடையை எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஓர் எண்ணை விட்டுவிட்டதால் என் முதல் அறிக்கை பாதி உபயோகமில்லாமல் போனது.

பிறகு இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, பழைய செய்தித்தாளில் மெல்லிசாகப் பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். பங்குனியில் ஒன்றரை நாள் போதும். கார்த்திகையில் நான்கு நாள் ஆனாலும் ஈரம் போகாது, அடியில் வெள்ளைப் பூஞ்சை கட்டும். அந்த மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே வைத்து, ஒரு நாளைக்கு மூன்று முறை புரட்டி, தாளை மாற்றிவிடுங்கள். கடும் வெயிலிலும் அடுப்புச் சூட்டிலும் கருக்காதீர்கள். கையில் எடுத்து நொறுக்கினால் இலை பொடிய வேண்டும், தண்டு ஒடிய வேண்டும். அப்போது மறுபடியும் எடை.

ஒரு கிலோ பச்சைப்புல் காய்ந்தபின் 230 கிராம் என்றால் உலர்பொருள் ஏறத்தாழ 23 சதவீதம். ஆய்வகம் அதையே இன்னும் துல்லியமாகச் சொல்லும், ஆனால் நீங்கள் காயவைத்து அனுப்பியதை வைத்துத்தான் சொல்லும். வயலில் இருந்த ஈரம் உங்கள் நோட்டில் மட்டுமே இருக்கும்.

பிளாஸ்டிக் பை கூடாது. வேர்த்து, இரண்டே நாளில் புளித்துவிடும். காக்கி உறை அல்லது துணிப் பை. உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. ஒன்று கிழிந்தாலும் மற்றது இருக்கும். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஊறிவிடும். சீட்டில் இருக்க வேண்டியவை: உங்கள் பெயர், ஊர், பறித்த தேதி, நிலத்தின் வகையும் மண்ணும், கடைசியாக மழை பெய்த நாள், புல்லின் ஊர்ப்பெயர், பூத்ததா விதை கட்டியதா, பச்சை எடை, காய்ந்த எடை.

புல்லின் பெயரில் சண்டை வரும். ஒரே புல்லுக்கு வடலூரில் ஒரு பெயர், புவனகிரியில் ஒரு பெயர். வேரோடும் பூவோடும் ஒரு செடியைப் பிடுங்கி, செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்துக் கூடவே அனுப்பிவிடுங்கள்.

6. ஆய்வகம், தாள்கள், செலவு, நாட்கள்

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக்கென்றே ஆய்வகம் இருக்கிறது. கூரியரில் அனுப்பலாம். புதுச்சேரிக்குக் கிட்டே இருப்பவர்கள் குரும்பாப்பேட்டையில் உள்ள கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் முதலில் விசாரியுங்கள். கடலூரில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலும் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் எங்கே எப்படி அனுப்புவது என்று வழி காட்டுவார்கள். எங்கே போவதாக இருந்தாலும் கிளம்பும் முன் தொலைபேசியில் மூன்றே கேள்வி கேளுங்கள். வெளி விவசாயியின் மாதிரியை இப்போது வாங்குகிறீர்களா? எந்தெந்த அளவுக்கு என்ன கட்டணம்? பணம் எப்படிக் கட்ட வேண்டும்?

இதைக் கேட்காமல் நான் ஒருமுறை பேருந்து ஏறிப் போனேன். பெயர் வேண்டாம். கருவி பழுது, இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். போக வர ஒரு நாள், சாப்பாட்டோடு 400 ரூபாய். இன்னொரு இடத்தில் பணமாகக் கொடுத்தால் வாங்க மாட்டோம், வங்கியில் கட்டிய ரசீதுதான் வேண்டும் என்றார்கள். அன்று இரண்டாவது சனிக்கிழமை.

கொண்டுபோக வேண்டிய தாள்கள் அதிகமில்லை. ஆய்வகத் தலைவருக்கு ஒரு பக்கக் கோரிக்கைக் கடிதம், ஆதார் நகல், கட்டண ரசீது, மாதிரி விவரச் சீட்டின் நகல். கடிதத்தில் “புல்லைச் சோதித்துத் தரவும்” என்று மட்டும் எழுதாதீர்கள். என்னென்ன வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஈரப்பதம், கச்சாப் புரதம், நார், மொத்தச் சாம்பல், மணல் சிலிக்கா. கையில் காசு இருந்தால் பங்குனி மாதிரிக்கு மட்டும் சுண்ணாம்பும் பாஸ்பரசும். கொழுப்புச் சோதனை புல்லுக்கு வீண் செலவு.

எனக்கு ஒரு மாதிரிக்குக் கூரியரோடு 900 ரூபாய் சொச்சம் ஆனது. கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், ஆகவே இதை ஒரு மதிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதிரிக்கு நான்காயிரம் ஒதுக்கினால் நெருக்கடி இருக்காது. ஒரு நல்ல பெட்டை ஆட்டின் விலை அதைவிட அதிகம்.

திங்கள் அல்லது செவ்வாயில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை போட்டால் பை இரண்டு நாள் கூரியர் கிடங்கில் கிடக்கும். அறிக்கை வர எனக்கு ஒருமுறை 12 நாள், இன்னொருமுறை ஐந்து வாரம். பொங்கலுக்கு முன் அனுப்பிவிட்டு உடனே வரும் என்று உட்காராதீர்கள். பங்குனிப் பற்றாக்குறைக்குத் தீவனம் வாங்க வேண்டுமென்றால் முந்திய வருடத்துப் பங்குனி எண்தான் கைகொடுக்கும். அதனால்தான் முதல் வருடமே எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

7. அறிக்கையில் எந்த எண்ணைப் பார்ப்பது

புரத எண்ணைப் பார்த்ததும் நிம்மதியோ பயமோ அடையாதீர்கள். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்: “உள்ளபடி” என்றா, “உலர்பொருள் அடிப்படையில்” என்றா. காயவைக்காமல் பச்சையாக அனுப்பிய கார்த்திகைப் புல்லில் உள்ளபடி 2.3 சதவீதம் புரதம் என்று வந்தால் சக்கை என்று தோன்றும். உலர்பொருள் 23 சதவீதம் என்றால் கணக்கு: 2.3-ஐ 23-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 10 சதவீதம். அருமையான புல். கார்த்திகையையும் பங்குனியையும் ஒப்பிடும்போது இரண்டும் உலர்பொருள் கணக்கில்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் காய்ந்த புல்தான் சத்தானது என்று முடிவுக்கு வந்துவிடுவீர்கள். நான் வந்தேன், ஒரு வாரம்.

இன்னொன்று. ஆய்வகம் புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறது. அதனால்தான் “கச்சா” என்ற அடைமொழி. ஆட்டுப் புழுக்கையோ யூரியா தூவிய வயலின் துகளோ பையில் கலந்திருந்தால் அதையும் புரதமாகக் காட்டிவிடும்.

சாம்பல் கூடுதலாக இருந்தால் மணல் சிலிக்காவைப் பாருங்கள். மணலும் கூடியிருந்தால் மாதிரியில் மண் ஒட்டியிருக்கிறது, திரும்ப எடுங்கள். உப்பங்கழி ஓரம் என்றால் உப்பாலேயே சாம்பல் ஏறும், அது உங்கள் தப்பில்லை. ஆட்டுக்குத் தண்ணீரை மட்டும் கூட வையுங்கள்.

நாரைப் பொறுத்தவரை ஒரு எண்ணைத் தனியாகப் பார்ப்பதில் பயனில்லை. உங்கள் கார்த்திகை எண்ணோடு பங்குனி எண்ணை வைத்துப் பாருங்கள், போதும்.

8. குறையைக் கணக்குப் போட்டு நிரப்புங்கள்

முதலில் ஆட்டின் எடை. தராசு இல்லையென்றால் தையல்காரர் நாடா போதும். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து வாலடிப் பிட்ட எலும்பு முனைவரை நீளம், இரண்டும் அங்குலத்தில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 24, நீளம் 22 என்றால் 19 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். காலையில், மேய்ச்சலுக்கு முன் அளக்க வேண்டும்.

20 கிலோ ஆடு ஒரு நாளைக்குத் தன் எடையில் 3 சதவீதம், அதாவது 600 கிராம் உலர் தீனி தின்பதாக வைத்துக்கொள்வோம். பங்குனிப் புல்லில் 4 சதவீதம் புரதம் என்றால் உள்ளே போவது 24 கிராம். வளராமல், சினையில்லாமல் சும்மா நிற்பதற்கே அதற்கு ஏறத்தாழ 40 கிராம் வேண்டும். 16 கிராம் பள்ளம். கடலைப் புண்ணாக்கில் 40 சதவீதம் புரதம் என்றால் 40 கிராம் புண்ணாக்கு அந்தப் பள்ளத்தை மூடும். சினை ஆட்டுக்கும் பால் கொடுக்கும் ஆட்டுக்கும் இதுபோல இரண்டு, மூன்று மடங்கு வேண்டும். புண்ணாக்கை மட்டும் கொட்டாமல் தவிடும் உடைத்த தானியமும் கலந்து கொடுங்கள். அந்தக் கலவையை நாளுக்கு 100 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் மெதுவாக ஏற்றுங்கள்.

புண்ணாக்கை வாங்கும்போது உடைத்து முகர்ந்து பாருங்கள். மழைக்காலத்தில் ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு இருக்கும். விலை குறைவு என்று கார்த்திகையில் மூட்டையாக வாங்கிச் சேர்க்காதீர்கள். மாசியில் வாங்கி, மரப்பலகை மேல் அடுக்குங்கள்.

காசில்லாமல் நிரப்ப வழி இருக்கிறது: தழை. நம் பக்கத்தில் பலாத்தழையைவிட ஆட்டுக்குப் பிடித்தது எதுவும் கிடையாது. பண்ருட்டியில் தோப்பு வைத்திருப்பவர் தெரிந்தால் துரட்டியோடு போங்கள். அகத்தி இன்னும் பலம், உலர் கணக்கில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம். வரப்பில் இப்போதே விதைத்துவிடுங்கள். சூபாபுல்லும் நல்லதுதான், ஆனால் அதிலுள்ள மைமோசின் நஞ்சால் முடி கொட்டும். மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பலாப்பழ சீசனில் சக்கையும் மடலும் இலவசமாகக் குவியும். அளவாகப் போடுங்கள், ஆசைக்குத் தின்னவிட்டால் வயிறு புளித்து ஆடு படுத்துவிடும்.

ஆடு துணி, எலும்பு, சுவர் மண் என்று மெல்ல ஆரம்பித்தால் பாஸ்பரஸ் பற்றாக்குறையாக இருக்கலாம். தாது உப்புக் கலவை நாளுக்கு 5 முதல் 10 கிராம், பட்டியில் ஒரு உப்புக்கட்டி. வருடம் முழுக்கச் செலவழிக்க வேண்டிய ஒரே பொருள் இதுதான் என்பேன்.

மாடும் வைத்திருப்பவர்கள் யூரியா வைக்கோல் செய்யலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 முதல் 65 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்துத் தெளித்து, அடுக்கடுக்காக மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள். பிரித்ததும் ஒரு மணி நேரம் ஆறவிட்டுக் கொடுக்க வேண்டும். கரையாத யூரியாக் கட்டியோ, கரைத்து வைத்த தண்ணீரோ வாய்க்கு எட்டினால் உயிர் போகும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கூடாது. என் ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன, மாடு தின்றது.

9. சினையைப் புல்லோடு பொருத்துங்கள்

ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். ஐப்பசியில் புல் நன்றாக இருக்கும், பெட்டைகள் தினவெடுத்துப் பருவத்துக்கு வரும், கிடாவும் சும்மா இருக்காது. விட்டுவிட்டால் குட்டி விழுவது பங்குனியில். வருடத்தின் மோசமான புல்லில் பால் சுரக்கச் சொல்கிறோம். எனக்கு நடந்தது இதுவே. வாங்கும்போதே சினையாக இருந்த ஆடுகள் அவை.

ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ கிடாவைச் சேர்த்தால் குட்டி மார்கழிக் கடைசியிலிருந்து தைக்குள் விழும். வயிற்றில் குட்டி வேகமாக வளரும் கடைசி இரண்டு மாதம் கார்த்திகையின் நல்ல புல்லில் போகும். மார்கழிப் பனியில் குட்டிக்குச் சளி பிடிக்கும், தரையில் வைக்கோல் பரப்பி இரவில் மூன்று பக்கமும் சாக்கு கட்டுங்கள். கிடாவைத் தனியே கட்டி வைப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. கயிறு இரண்டு வாங்கி வையுங்கள்.

ஆடு வாங்கப் போகிறவர்கள் சந்தையில் “நாலு மாச சினை” என்று சொல்லித் தை, மாசியில் விற்கும் ஆட்டைப் பார்த்தால், விலையோடு மூன்று மாதத் தீவனச் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

10. முதல் மழையில் அவிழ்த்து விடாதீர்கள்

காய்ந்த புல்லில் இருந்த ஆட்டைத் திடீரென்று இளம்புல்லில் விட்டால் துள்ளுமாரி வரும். காலையில் துள்ளி விழுந்து சாகும். நல்ல கொழுத்த ஆடுதான் முதலில் போகும். மழைக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுவிடுங்கள். முதல் வாரம் காலையில் வைக்கோலோ கடலைக்கொடியோ தின்ன வைத்து, பனி காய்ந்த பிறகு இரண்டு மணி நேரம் மட்டும் மேயவிட்டு, நாளுக்கு நாள் கூட்டுங்கள். பனி ஈரத்தில் புழுக்களின் இளம்பருவம் புல்நுனிக்கு ஏறி உட்கார்ந்திருக்கும் என்பது இன்னொரு காரணம்.

திட்டக்குடி, வேப்பூர்ப் பக்கம் சோளம் அறுத்த கட்டையில் மழைக்கு மறுதாம்பு துளிர்க்கும். கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருக்கும். வாடி நின்று மறுபடி துளிர்த்த அந்தக் குருத்தில் சயனைடு நஞ்சு இருக்கிறது. தின்ற சில நிமிடத்தில் ஆடு மூச்சுத் திணறித் தள்ளாடும். வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் தமிழ்நாட்டில் 1962-க்கு அழையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது. “சோளக்குருத்து தின்றுவிட்டது” என்ற இரண்டு வார்த்தையை முதலில் சொல்லுங்கள். அதற்கான ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு அந்தத் தகவல் வேண்டும்.